ஆடுபவர்களுக்கே சொந்தமான ஆட்டம்

ரோலர் டெர்பி என்ற விளையாட்டின் காணொளியை முதன்முறை பார்த்தபோது எனக்கு எதுவும் விளங்கவில்லை. பந்து இல்லை, கோல் கம்பம் இல்லை. சக்கரக் காலணி அணிந்த பத்துப் பெண்கள் நீள்வட்டத் தடம் ஒன்றில் ஒரே திசையில் சுற்றிவந்தனர். தோளாலும் இடுப்பாலும் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளினர். யாருக்குப் புள்ளி கிடைக்கிறது என்பதே பிடிபடவில்லை. தொலைக்காட்சி மல்யுத்தத்தைப் போல இதுவும் ஒத்திகை பார்த்த வேடிக்கையாக இருக்கலாம் என்று நினைத்தேன். விதிகளைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறியது. வரலாற்றைப் படித்த பிறகு, ஒரு விளையாட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுந்தது.

தடையை உடைக்கும் ஒருவர்

கபடி அறிந்தவர்களுக்கு இந்த ஆட்டத்தின் அடிப்படையை எளிதாக விளக்கிவிடலாம். ஒவ்வோர் அணியிலிருந்தும் ஐவர் களத்தில் இருப்பர். தலைக்கவசத்தின் மீது நட்சத்திரம் பொறித்த உறையை அணிந்தவர் ‘ஜாமர்’. கபடியில் பாடிச் செல்பவரைப் போல, புள்ளி எடுக்கும் பொறுப்பு அவருடையது. மற்ற நால்வரும் தடுப்பாளர்கள். இரு அணிகளின் தடுப்பாளர்கள் எட்டுப் பேரும் முன்னே கூட்டமாக நிற்க, ஜாமர்கள் இருவரும் பின்னாலிருந்து புறப்படுவர். முதல் முறை கூட்டத்தைக் கடப்பதற்குப் புள்ளி கிடையாது. தடத்தைச் சுற்றிவந்து மீண்டும் கூட்டத்துக்குள் நுழைந்த பிறகு, கடக்கும் ஒவ்வோர் எதிரணித் தடுப்பாளருக்கும் ஒரு புள்ளி.

கபடியில் ஒரு நேரத்தில் ஓர் அணிதான் பாடிச் செல்லும். இங்கோ இரு அணிகளும் ஒரே நேரத்தில் தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும். எதிரணி ஜாமரை மறித்துக்கொண்டே தம் ஜாமருக்கு வழி திறந்துவிடுவதுதான் தடுப்பாளர்களின் சவால். ‘ஜாம்’ எனப்படும் ஒரு சுற்று அதிகபட்சம் 2 நிமிடம் நீடிக்கும். ஆனால், கூட்டத்தை விதிப்படி முதலில் கடக்கும் ஜாமருக்கு, விரும்பியபோது அந்தச் சுற்றை முடித்துக்கொள்ளும் உரிமை உண்டு. கைகளால் இடுப்பைத் தட்டிக் காட்டினால் போதும். நான்கு புள்ளிகளை எடுத்துவிட்டு, எதிரணி கணக்கைத் தொடங்கும் முன்பே அவர் சுற்றை முடித்துவிடலாம். வேகத்தோடு இத்தகைய கணிப்பும் வெற்றிக்குத் தேவை.

தலா 30 நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகளாக ஆட்டம் நடக்கும். கையால் பிடிப்பது, முழங்கையால் இடிப்பது, தலையால் முட்டுவது, முதுகில் தள்ளுவது எல்லாம் குற்றங்கள். குற்றம் செய்தவர் 30 விநாடிகள் வெளியே அமர வேண்டும். ஏழு முறை தண்டனை பெற்றவர் அந்த ஆட்டத்திலிருந்தே விலக வேண்டும். கலவரம்போல எனக்குத் தோன்றிய காட்சிக்குள் இவ்வளவு கண்டிப்பு இருந்தது.

முதலாளியின் காட்சி

அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் நிலவிய 1935ஆம் ஆண்டில், லியோ செல்ட்ஸர் என்ற நிகழ்ச்சி அமைப்பாளர் சிகாகோ நகரில் இதைத் தொடங்கினார். அப்போது இது ஒரு நெடுந்தொலைவுப் போட்டி. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கொண்ட இணைகள், நாட்டின் குறுக்களவுக்கு இணையான தொலைவை உள்ளரங்கத் தடத்திலேயே சுற்றிக் கடக்க வேண்டும். மோதல்கள்தாம் கூட்டத்தை ஈர்க்கின்றன என்று தெரிந்ததும், மோதலே ஆட்டத்தின் மையமானது. பெண்களும் ஆண்களும் மாறிமாறி, ஒரே விதிகளின்படி ஆடினர். அக்கால விளையாட்டுகளில் இது அரிது. ஜோன் வெஸ்டன் போன்ற வீராங்கனைகள் தொலைக்காட்சியால் புகழ்பெற்றனர்.

ஆயினும், ஆட்டம் நிறுவனத்தின் சொத்தாகவே இருந்தது. 1973இல் செல்ட்ஸர் குடும்பம் நிறுவனத்தை மூடியபோது, ஆடியவர்களால் செய்யக்கூடியது எதுவுமில்லை. பின்னர் 1989இல் வந்த தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில், தடத்துக்கு நடுவே உயிருள்ள முதலைகளைக்கூட வைத்திருந்தனர். பார்வையாளர் எண்ணிக்கையே அளவுகோலாகும்போது விளையாட்டு எங்கே போய் நிற்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தரையில் ஒட்டிய கோடு

மறுபிறப்பு 2001இல், டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் நிகழ்ந்தது. பெண்கள் திரண்டு ஆட்டத்தை மீட்டெடுத்தனர். விரைவிலேயே, நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த சிலருக்கும் களத்தில் ஆடியவர்களுக்கும் இடையே பூசல் மூண்டது. பிரிந்துபோனவர்கள் 2003இல் ‘டெக்சஸ் ரோலர்கேர்ல்ஸ்’ என்ற அமைப்பை, ஆடுபவர்களே உரிமையாளர்களாக இருக்கும்படி உருவாக்கினர்.

பழைய டெர்பி சாய்தளத் தடத்தில் நடந்தது. அதைக் கட்டவும் பாதுகாக்கவும் பெரும் பணம் தேவை. எனவே முதலாளியும் தேவை. பிரிந்த பெண்களோ சமதளத் தரையில் ஆடினர். அதற்கு ஓர் உடற்பயிற்சிக் கூடம், சிறிது கயிறு, ஒட்டுநாடா ஆகியவை போதும். இந்த எளிமைதான் ஆட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்றது. 2004இல் அணிகளின் கூட்டமைப்பு தோன்றியது. விதிகளைத் திருத்துவதிலும் உறுப்பு அமைப்புகளே வாக்களிக்கின்றன. 2011இல் டொரன்டோவில் நடந்த முதல் உலகக் கோப்பையில் 13 நாடுகள் ஆடின. இப்போது ஆண்கள் அணிகளும் உண்டு.

இதை ஒரு பொற்காலக் கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பெரும்பாலோருக்கு ஊதியம் கிடையாது. சந்தா கட்டித்தான் ஆடுகின்றனர். நடுவர்களும் பெரும்பாலும் தன்னார்வலர்களே. எலும்பு முறிந்தால் வேலை, வருமானம் இரண்டுமே பாதிக்கப்படும். நேரமும் பணமும் இல்லாதவர்களுக்கு இந்தச் சுதந்திரம் எட்டாத ஒன்று. முதலாளி இல்லை என்றால் அவருடைய பணமும் இல்லை.

எனினும், அந்த விலையை அறிந்தே அவர்கள் தருகின்றனர். பயிற்சி முடிந்ததும் தரையில் ஒட்டிய நாடாவை அவர்களே உரித்துச் சுருட்டி எடுத்துச் செல்கின்றனர். அடுத்த வாரம் அரங்கம் கிடைக்காமல் போனால் வேறொரு தரையைத் தேடலாம். 1973இல் நடந்ததைப் போல, இனி எவரும் ஒரே நாளில் இந்த ஆட்டத்தை இழுத்து மூடிவிட முடியாது.