மகன் கேட்ட சக்கரக் காலணி

 

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவரின் பெட்டியைச் சுற்றிப் பிள்ளைகள் கூடி நிற்கும் காட்சி குலசேகரன்பட்டினத்து வீடுகளுக்குப் புதிதன்று. ஒரு காலத்தில் அத்தரும் பேரீச்சையும் போர்வையும் இறங்கிய பெட்டிகளிலிருந்து இப்போது சக்கரம் பூட்டிய காலணிகளும் இறங்குகின்றன. துபாயில் வளரும் மாமா மகன் அவற்றை மாட்டிக்கொண்டு ஹாக்கி விளையாடுகிறான் என்று அறிந்ததும் ஊரிலுள்ள பிள்ளைக்கும் ஆசை பிறந்துவிடுகிறது. “வாப்பா, எனக்கும் ஒரு ஜோடி வாங்கித் தாங்களேன்!” என்று தொலைபேசியில் கெஞ்சல் தொடங்குகிறது. வாப்பாவுக்கோ வீட்டுச் செலவு, வட்டியில்லாக் கைமாற்று, மகளின் படிப்பு என்று ஆயிரம் கணக்கு. அந்தக் கெஞ்சலுக்கு என்ன விடை சொல்வது? வாங்குவதானால் எதை வாங்குவது? எதில் சிக்கனம் பார்ப்பது, எதில் பார்க்கக் கூடாது? இதனை உங்களோடு கலந்து சிந்திக்கவே இக்கட்டுரை.

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். ஒரே வரிசையில் நான்கு சக்கரங்கள் பொருத்திய காலணிக்கு இன்லைன் ஸ்கேட் என்று பெயர். முன்னிரண்டும் பின்னிரண்டுமாகச் சக்கரம் கொண்டது வேறு வகை. அது ரோலர் ஸ்கேட். இரண்டிலும் ஹாக்கி விளையாடப்படுகிறது. ரோலர் ஹாக்கியில் கடினமான பந்து; இன்லைன் ஹாக்கியில் தட்டையான வட்டு. நம் நாட்டின் ரோலர் ஸ்கேட்டிங் சம்மேளனம் இவ்விரண்டுக்கும் தேசியப் போட்டிகளை நடத்திவருகிறது.

இன்லைன் காலணி இன்றைய வடிவம் பெற்றதற்கும் ஹாக்கிதான் காரணம். 1980ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் ஸ்காட் ஓல்சன் என்ற ஐஸ் ஹாக்கி வீரர் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் பழைய இன்லைன் ஜோடி ஒன்றைக் கண்டார். பனி இல்லாத கோடையிலும் பயிற்சியை விடாதிருக்க இது உதவுமே என்று அவருக்குத் தோன்றியது. தம் சகோதரர் பிரென்னனோடு சேர்ந்து அதனைச் சீர்படுத்தினார். ரோலர்பிளேடு நிறுவனம் அவ்வாறு பிறந்தது. பனி என்பதையே கண்டறியாத நமது கடற்கரைக்கு அந்தக் காலணி வந்து சேர்ந்திருப்பது வேடிக்கைதான்.

தமிழகத்துக்கும் இத்துறையில் பெயர் உண்டு. 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், 3000 மீட்டர் தொடர் ஸ்கேட்டிங்கில் இந்திய ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் வெண்கலம் பெற்றன. சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமாரும் ஆரத்தி கஸ்தூரிராஜும் அவ்வணிகளில் இருந்தனர். 2025 செப்டம்பரில் ஆனந்த்குமார் 1000 மீட்டர் ஓட்டத்தில் உலகப் பட்டமும் வென்றார். இச்செய்தியைப் படித்த பிள்ளை அவர் அணிந்த காலணியையே கேட்கக்கூடும். அதற்கு இடம் கொடாதீர்கள். அது விரைவோட்டத்துக்கானது, கணுக்காலுக்குக் கீழேயே வெட்டப்பட்டு, பெரிய சக்கரங்களோடு நேராக ஓடுவதற்கென்று செய்யப்பட்டது. ஹாக்கியில் நொடிக்கு நொடி திரும்ப வேண்டும், நிற்க வேண்டும், பின்னோக்கி ஓட வேண்டும். ஆகையால் ஹாக்கிக் காலணி கணுக்காலை உயரமாகவும் விறைப்பாகவும் கவ்வி நிற்கும், சக்கரங்கள் சிறியவை, லேஸ் இட்டு இறுக்கிக் கட்டும் அமைப்புடையது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சாதாரண இன்லைன் ஸ்கேட்டில் குதிகாலின் பின்னே ஒரு ரப்பர் பிரேக் இருக்கும். ஹாக்கிக் காலணியில் அது இராது! காலைக் குறுக்கே திருப்பி நிற்கக் கற்றவனுக்கே அது உரியது. இதனை அறியாமல் முதல் நாளே ஹாக்கிக் காலணியை மாட்டிவிட்டால் பிள்ளை சுவரில் மோதித்தான் நிற்பான். ஆகவே தொடங்குவோருக்குப் பிரேக் உள்ள சாதாரண ஜோடியே ஏற்றது. அதுவும் முதல் மாதத்துக்கு உறவினர் வீட்டிலிருந்து இரவல் வாங்கியதாக இருந்தால் இன்னும் நன்று. மாதம் முடிவதற்குள் ஆர்வம் வற்றிவிடும் பிள்ளைகள் எத்தனையோ பேர்! வீண் விரயத்தை வெறுக்கும் மார்க்கத்தைச் சேர்ந்த நாம், பரணில் தூங்கப்போகும் பொருளுக்குப் பணம் கொடுக்கலாமா? இரவல் கிடைக்காதவர்கள் ஒரு வளைகோலும் டென்னிஸ் பந்தும் மட்டும் வாங்கிக் கொடுத்து வெறுங்காலில் ஆட விடலாம். நமது மாவட்டத்துக் கோவில்பட்டியிலிருந்து புறப்பட்ட மாரீஸ்வரன் 2022இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பைக்கான இந்திய ஹாக்கி அணியில் ஆடியவர். கோல் பழகும் கை சக்கரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆர்வம் நிலைத்துவிட்டது, வாங்கியே தீர வேண்டும் என்றால், கடைக்குப் போகுமுன் ஒரு கணக்கை மனத்தில் இருத்துங்கள். சக்கரம் தேய்ந்தால் மாற்றலாம். பேரிங் துருப்பிடித்தால் மாற்றலாம். லேஸ் அறுந்தால் மாற்றலாம். காலைக் கவ்வும் பூட்ஸ் பகுதி தொய்ந்துபோனால் மாற்ற வழியே இல்லை. ஆகையால் உங்கள் பணம் பூட்ஸில் இருக்கட்டும். சிக்கனம் சக்கரத்தில் இருக்கட்டும். பொம்மைக் கடைகளில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குத் தொங்கும் பளபளப்பான ஜோடிகள் இதற்கு நேர்மாறானவை. சக்கரத்தில் விளக்கெல்லாம் எரியும். கணுக்கால் பகுதியோ அட்டைப் பெட்டியைப் போல் மடங்கும். அதனை இரு பக்கமும் விரலால் அழுத்திப் பாருங்கள். எளிதில் குழிந்தால் விலை எவ்வளவு மலிவாயினும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிள்ளையின் கால் உள்நோக்கிச் சாய்ந்து சாய்ந்து கணுக்கால் நோவெடுக்கும். தனக்கு இவ்விளையாட்டு வராது என்று அவனே முடிவுகட்டிவிடுவான். குற்றம் அவனுடையதன்று, காலணியுடையது.

அடுத்தது அளவு. இங்கேதான் நம் தாய்மார்கள் தவறுவார்கள். பெருநாளுக்குச் சட்டை எடுத்தால் ஒரு சுற்றுப் பெரிதாக எடுப்பது நம் வழக்கம். அடுத்த பெருநாளுக்கும் ஆகும் அல்லவா? செருப்பிலும் அவ்வாறே. ஆனால் சக்கரக் காலணியில் இவ்வழக்கம் ஆபத்து. உள்ளே கால் நழுவினால் எத்தனை விறைப்பான பூட்ஸும் பயனற்றதாகிவிடும். மாலை வேளையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, பிள்ளையைச் சுவரோடு குதிகால் ஒட்ட ஒரு தாளின்மேல் நிறுத்துங்கள். நீண்ட விரலின் நுனியில் கோடிட்டுச் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். இரு கால்களையும் அளக்க வேண்டும்; பெரியதே கணக்கு. ஹாக்கிக் காலணிகளின் எண் பெரும்பாலும் சாதாரண ஷூவின் எண்ணைவிட ஒன்று அல்லது ஒன்றரை குறைவாக வரும். எனவே எண்ணை நம்பாமல் சென்டிமீட்டரை நம்புங்கள். மெல்லிய காலுறை அணிந்து, லேஸ் கட்டி, நிமிர்ந்து நிற்கையில் விரல் நுனி முன்பக்கத்தை இலேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் சற்றே விலக வேண்டும். குதிகால் எழும்பவே கூடாது. வளரும் பிள்ளைக்கென்று அரை சென்டிமீட்டர் இடம் விடலாம், அதற்குமேல் வேண்டாம். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையில் நல்ல விறைப்புள்ள ஜோடிகளும் உண்டு. முதல் ஓரிரு ஆண்டுக்கு, ஹாக்கிக்கு முந்திய பயிற்சிக்கு, அவை போதுமானவை.

தரமான ஹாக்கிக் காலணிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு இறக்குமதி. புதிதாக வாங்கினால் நடுத்தரக் குடும்பத்துக்குச் சுமைதான். பழையது வாங்குவதில் வெட்கம் என்ன? லடாக்கில் ஐஸ் ஹாக்கி வேரூன்றியபோது, பழைய ராணுவ பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திக்கொண்டு ஆடியவர்கள் உண்டு. 2025இல் அமீரகத்தின் அல் அய்ன் நகரில் நடந்த பெண்கள் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் அந்த லடாக் மலைநாட்டுப் பெண்கள் நிறைந்திருந்தனர். நமக்கோ இரும்புத் தகடு அடிக்க வேண்டிய அவசியமில்லை. வளைகுடாவிலும் சென்னையிலும் கால் வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் காலணிகள் பாதிக்குமேல் உயிரோடு மூலையில் கிடக்கின்றன. விடுமுறைக்கு வரும் மச்சானிடம் புதியதைக் கேட்பதைவிட, அவர் மகன் விட்டுவிட்டதைக் கேட்பது இருவருக்கும் இலேசு.

பழையதைப் பார்க்கும்போது சக்கரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். முதலில் கணுக்கால் பகுதி, பின்னர் உட்புறத் துணி கிழிந்துள்ளதா என்பது, அதன்பின் காலணிக்கும் சக்கரத்துக்கும் நடுவிலுள்ள ஃபிரேம். அதில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வேண்டாம். அதனைப் பிணைக்கும் தறையாணிகள் ஆடுகின்றனவா என்று கையால் அசைத்துப் பாருங்கள். சமதளமான தரையில் வைத்தால் நேராக நிற்க வேண்டும். விற்பவர் நம்மவராயின் குறையைத் தாமாகவே சொல்லிவிட வேண்டும். பொருளின் பழுதை மறைத்து விற்பது எத்தகைய பாவம் என்பதை வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்கத் தேவையில்லை.

இனிச் சக்கரம். அதன் பக்கவாட்டில் இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று விட்டம்: பெரியவர்களுக்கு 76 அல்லது 80 மில்லிமீட்டர், சிறுவர்களுக்கு 68 அல்லது 72. மற்றது கடினம்: 74ஏ, 78ஏ, 84ஏ என்றிருக்கும். எண் கூடக் கூடச் சக்கரம் கெட்டியானது. விளையாட்டரங்கின் வழவழப்பான தளத்துக்கு மெத்தென்ற 74, 76 பிடிப்பைத் தரும். நம் ஊர்ச் சிமென்டுத் தளத்தில் அவற்றை ஓட்டினால் அழிப்பான் தேய்வதுபோல் தேய்ந்துவிடும்; 82க்கு மேற்பட்டதே இங்கே நிற்கும். உட்பக்கம் தேய்வது இயல்பு. சில வாரங்களுக்கு ஒருமுறை ஆலன் கீயால் கழற்றி, இடக்கால் சக்கரங்களை வலக்காலுக்கும் வலக்கால் சக்கரங்களை இடக்காலுக்கும் மாற்றி, தேய்ந்த பக்கம் வெளியே வருமாறு பூட்டினால் ஆயுள் கூடும்.

பேரிங்கைப் பற்றிக் கடற்கரை வாசிகளாகிய நாம் சற்று அதிகமாகவே அறிந்திருக்க வேண்டும். பெட்டியின்மேல் ‘ஏபெக் 7’, ‘ஏபெக் 9’ என்று பெரிதாக அச்சிட்டு விலையை ஏற்றியிருப்பார்கள். அது பேரிங்கின் அளவுத் துல்லியத்தைக் குறிக்கும் எண்ணே தவிர, வேகத்தையோ உழைப்பையோ குறிப்பதன்று. குலசையின் உப்புக் காற்றுக்கு ஐந்தும் ஒன்றே, ஒன்பதும் ஒன்றே. கவனியாமல் விட்டால் இரண்டையும் அது துருவாக்கிவிடும். ஆனால் இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. பெரும்பாலான ஸ்கேட்களில் இருப்பது 608 என்ற எண்ணுள்ள பொதுவான பேரிங். உள்விட்டம் 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, கனம் 7. தூத்துக்குடியில் மோட்டார் பேரிங் விற்கும் கடையில் எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். ஒரு சக்கரத்துக்கு இரண்டு வீதம் ஒரு ஜோடிக்குப் பதினாறு தேவை. மாற்றுவதற்கு முன் கழுவிப் பாருங்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சுழற்றி, துணியில் உலர்த்தி, தையல் இயந்திரத்துக்கு இடும் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டால் முக்கால்வாசி பேரிங்குகள் மீண்டுவிடும். இதனைப் பெரியவர்களே அடுப்பிலிருந்து விலகிச் செய்ய வேண்டும். தேங்காயெண்ணெய் விடாதீர்கள், நாளடைவில் பிசுபிசுத்து மணலைப் பிடித்துக்கொள்ளும்.

மணல் என்றதும் இடம் நினைவுக்கு வருகிறது. குலசேகரன்பட்டினத்தில் அமையும் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. விண்ணுக்குப் பாதை கண்ட ஊரில் பிள்ளை சக்கரம் ஓட்டச் சமதளம் தேட வேண்டியிருக்கிறது! கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரிகளுக்கு நடுவே விட முடியாது. கைப்பிடிச் சுவர் தாழ்ந்த மொட்டை மாடி அதனினும் கொடிது. பள்ளி நிர்வாகத்தாரிடம் அனுமதி பெற்று, விடுமுறை நாள் காலையில் கூடைப்பந்துத் தளத்தைப் பெருக்கிவிட்டு ஆடுவதே தக்க வழி. நாலைந்து பெற்றோர் சேர்ந்து கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

காலணிக்கு எவ்வளவு ஒதுக்கினாலும் அதற்கு முன்னதாகத் தலைக்கவசத்துக்கும் மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் காப்புகளுக்கும் பணத்தை எடுத்து வைத்துவிடுங்கள். கையில் மிஞ்சுவதே காலணிக்கு. விழும் பிள்ளை கையைத்தான் ஊன்றும். முறிவதும் பெரும்பாலும் மணிக்கட்டே. காலணி பழையதாக இருக்கலாம், தலைக்கவசம் மட்டும் புதிதாக இருக்கட்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம் வெளியே முழுதாகத் தோன்றினாலும் உள்ளே நொறுங்கியிருக்கும்.

பெண்பிள்ளைகள் கேட்டால்? தாராளமாக! இன்லைன் ஹாக்கியில் ஆண்களே காப்புகளின் மேல் நீண்ட தளர்கால்சட்டை அணிந்துதான் ஆடுகிறார்கள். உடையொழுக்கத்துக்கு இவ்விளையாட்டு இடையூறன்று. மக்கனாவின் முனைகளைச் சட்டைக்குள் செருகி, முடிச்சோ ஊசியோ இல்லாத மெல்லிய துணியாகத் தலைக்கவசத்தின் உள்ளே அடங்கச் செய்தால் போதும். கால்சட்டையின் விளிம்பு சக்கரத்தைத் தொடாதவாறு உம்மாமார் ஒரு மடிப்புத் தைத்துவிடலாம். ராத்தாவும் தம்பியும் ஒரே அளவாயின் ஒரு ஜோடி இருவருக்கும் ஆகும்.

ஆட்டம் முடிந்ததும் காலணியைப் பைக்குள் அடைக்காமல் லேஸைத் தளர்த்தி நிழலில் உலர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சக்கரங்களைக் கழற்றி, பேரிங்குகளை எண்ணெய்த் துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டுவையுங்கள். நாக்குப்பட்டையின் உட்புறத்தில் அழியாத மையால் அந்தக் காலணிக்குரிய கால் நீளத்தைச் சென்டிமீட்டரில் எழுதிவிடுங்கள். இரண்டாண்டு கழித்துச் சாச்சா மகனுக்கு அதனைக் கொடுக்கும்போது அவன் உம்மா அளவு கேட்டுத் தொலைபேசியில் அழைக்க வேண்டியிராது.