கான்ஸாஸ் இராஜ்யத்தின் ஜலாதாரங்கள்: ஆற்றுக் கால்வாயும் குழாய்க் கிணறும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுவே அமைந்த கான்ஸாஸ் இராஜ்யம் ஒரு புல்வெளிப் பிரதேசமாகும். அதன் கீழ்ப்பாகத்தில் வருஷத்துக்குச் சுமார் 40 அங்குல மழை பெய்கிறது. மேற்கே செல்லச் செல்ல மழை குறைந்து, கொலராடோ எல்லையருகே 20 அங்குலங்கூடக் கிடைப்பதில்லை. கிழக்கே வெள்ளமும் மேற்கே வறட்சியுமே குடியானவர்களின் கவலை. 1951-ம் வருஷத்து வெள்ளத்துக்குப் பின் கிழக்கே பல அணைகள் எழுந்தன; அவற்றின் வரலாறு தனியே கூறத்தக்கது. மேற்பாகத்துப் பாசனத்தின் வரலாறே ஈண்டு விவரிக்கப்படுகிறது.

மேற்பாகத்தில் குடியேறியோர் முதலில் நம்பியது ஆர்க்கன்ஸாஸ் நதியை. 1880-ஐ அடுத்த வருஷங்களில் கார்டன் ஸிட்டி என்னும் ஊரைச் சுற்றிலும் பல கால்வாய்களை வெட்டினர். ஆனால் அந்நதி ராக்கி மலைகளில் உற்பத்தியாகிக் கொலராடோ வழியே வருவது. மேல்மடையிலிருந்த கொலராடோவாரும் கால்வாய்களை வெட்டவே, கடைமடைக்கு வரும் ஜலம் குன்றிற்று. 1901-ல் கான்ஸாஸ் வழக்குத் தொடுத்தது. 1907-ல் உச்ச நீதிமன்றம், நதியை இரு இராஜ்யங்களும் நியாயமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டுமென்ற கொள்கையை நிலைநாட்டியதேயன்றி, கான்ஸாஸ் கோரிய பரிகாரத்தை அளிக்கவில்லை. 1949-ல் இரு இராஜ்யங்களின் உடன்படிக்கை அங்கீகாரம் பெற்றது. பின்னர் கொலராடோவார் கிணறுகளில் இறைத்ததனால் ஆற்று நீர் குறைந்ததென்று 1985-ல் மீண்டும் வழக்கு எழுந்து, 2005-ல் சுமார் 3.4 கோடி டாலர் நஷ்டஈடு கான்ஸாஸுக்குக் கிடைத்தது. பணம் வந்ததே தவிர, கார்டன் ஸிட்டியருகே ஆறு பெரும்பாலும் வறண்டே கிடக்கிறது.

கால்வாய் பொய்த்ததும் குடியானவர்கள் பூமிக்கடியில் நோக்கினர். ஆற்றுப் பள்ளத்தாக்கில் நீர் ஆழத்தில் இல்லை. காற்றாடி யந்திரத்தால் அதை இறைத்து, சிறு மண்குட்டையில் தேக்கி, சில ஏக்கர் தோட்டம் செய்தனர். மேட்டு நிலங்களுக்கு அடியிலோ ஒகல்லாலா எனப்படும் மணலும் சரளையும் கலந்த நீர்ப்படுகை பரந்து கிடந்தது. எட்டு இராஜ்யங்களின் கீழ் பரவியுள்ள பெரும் நீர்ப்படுகையின் பிரதான பாகம் அது. அதன் ஜலம் பல்லாயிரம் வருஷங்களாகச் சேர்ந்தது. மேற்குக் கான்ஸாஸில் மழையால் அதில் புதிதாக ஊறுவது பெரும்பாலும் வருஷத்துக்கு ஓர் அங்குலத்துக்கும் குறைவு.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்பு ஆழ்கிணற்றுப் பம்புகளும், ஹியூகோட்டன் வயல்களின் மலிவான எரிவாயுவும் கைக்கெட்டின. கொலராடோ விவசாயியாகிய பிராங்க் ஸைபாக், 1952-ல் ஒரு தெளிப்புப் பாசனக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். சக்கரங்களின் மேல் நீண்ட குழாயொன்று, நடுவிலுள்ள முளையைச் சுற்றி வந்து நீரைத் தெளிக்கும். 160 ஏக்கர் சதுரத்தில் சுமார் 130 ஏக்கர் இவ்வட்டத்துக்குள் அடங்கும். மேடு பள்ளமான மணற்பாங்கு நிலமும் இதனால் சோளத்தட்டைக் காட்டிலும் அதிகம் ஜலம் வேண்டும் மக்காச்சோளத்தை விளைத்தது. மக்காச்சோளத்தைத் தின்னக் கால்நடைகளும், அவற்றை வாங்க இறைச்சித் தொழிற்சாலைகளும் வந்தன. ஊர்களின் ஜீவனமே பம்புகளை நம்பியதாயிற்று.

இதற்கிடையே 1945-ல் இராஜ்யத்தார் ஒரு நீர்ச் சட்டம் இயற்றினர். ஜலமனைத்தும் பொதுமக்களின் உபயோகத்துக்கு உரியதென்றும், முதலில் உரிமை பெற்றவருக்கே முதலிடமென்றும் அச்சட்டம் விதித்தது. ஆற்றுக்கு இவ்விதி பொருந்தும். பிந்தியவரின் மடையை அடைத்தால் முந்தியவருக்கு நீர் வந்து சேரும். வருஷாவருஷம் ஊறுவதைவிட மிகுதியாக இறைக்கப்படும் நிலத்தடி நீருக்கு இது போதவில்லை. பத்திரத்தில் எழுதிய அளவு அப்படியே இருந்தது; கிணற்றில் நீர்மட்டம் இறங்கிற்று. தென்மேற்கே சிலவிடங்களில் 100 அடிக்குமேல் இறங்கிவிட்டது. அனுபவியாத உரிமை பறிபோகுமென்ற விதியும் இருந்தமையால், சிக்கனம் செய்தவனுக்கு நஷ்டமே என்ற விபரீதம் நேர்ந்தது. புதிய உரிமை வழங்குவது நிறுத்தப்பட்ட பகுதிகளில் 2012-ல் இவ்விதி தளர்த்தப்பட்டது.

1972-ம் வருஷத்துச் சட்டப்படி, உள்ளூர் விவசாயிகளே நடத்தும் ஐந்து நிலத்தடி நீர் மாவட்டங்கள் அமைந்தன. நெடுங்காலம் அவை புதுக் கிணறுகளைத் தடுத்தனவேயன்றிப் பழைய கிணறுகளின் இறைப்பைக் குறைக்கத் துணியவில்லை. முதலில் துணிந்தவர்கள் வடமேற்கேயுள்ள ஷெரிடன் பகுதியார். 99 சதுர மைல் வட்டாரத்தில், ஏக்கருக்கு ஐந்து வருஷங்களில் 55 அங்குலத்துக்குமேல் இறைப்பதில்லையென்று தாங்களே யோசனை கூறி, 2013 முதல் அரசாங்க உத்தரவாகப் பெற்றனர். கோடை கடுமையான வருஷத்தில் 14 அங்குலம் பாய்ச்சி, மழை பெய்த வருஷத்தில் 8 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கணக்கு ஐந்து வருஷத்துக்கே. இச்சலுகை இல்லாவிடில் பலர் உடன்பட்டிருக்க மாட்டார்கள்.

குறிப்பிட்ட இலக்கு நூற்றுக்கு 20 பங்குக் குறைவு. நடந்ததோ அதனினும் மிகுதி. இறைப்பு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவிகளைப் புதைத்துப் பார்த்தே பலர் நீர் பாய்ச்சினர். சிலர் நீர் குறைவாக வேண்டும் பயிர்களுக்கு மாறினர். மகசூல் சிறிது தாழ்ந்தும், பம்புச் செலவும் விதை, உரச் செலவும் குறைந்தமையால் நிகர வருமானம் கெடவில்லையென்று ஆராய்ச்சியாளர் கண்டனர். இவ்வேற்பாடு 2018-லும் 2023-லும் புதுப்பிக்கப்பட்டது. ஆயினும் நீர்மட்டம் இறங்குவது தாமதமாயிற்றே ஒழிய முற்றும் நிற்கவில்லை.

ஒகல்லாலாவைச் சிறுகச் சிறுகத் தீர்த்துவிடும் கொள்கை கைவிடத்தக்கதென்று கான்ஸாஸ் நீர் ஆணையம் 2022 டிசம்பரில் தீர்மானித்தது. மறு வருஷத்துச் சட்டம், ஒவ்வொரு மாவட்டமும் நெருக்கடியான வட்டாரங்களைக் குறித்து, 2026 ஜூலை 1-க்குள் செயற்றிட்டம் சமர்ப்பிக்க வேண்டுமென விதித்தது.