காய்கனிகளையும் கணக்கிட வேண்டுமா?

உணவு தரும் ஆற்றலைக் கலோரி என்னும் அளவால் கணக்கிடுகிறோம். சோறும் இறைச்சியும் இக்கணக்கில் அடங்கும். காய்கனிகள் அடங்கா எனச் சிலர் எண்ணுவர். இது சரியா?

100 கிராம் வெள்ளரிக்காயில் ஏறத்தாழ 15 கலோரியே உண்டு. அதே அளவு டுரியான் சுளையிலோ ஏறத்தாழ 150 கலோரி உண்டு. அது, அதே எடையுள்ள சோற்றில் இருப்பதைவிட மிகுதியாகும்! கங்குங் கீரையில் கலோரி குறைவு. ஆனால், அதனை வதக்க ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி தரும்.

ஆகவே, கணக்கிடுவோர் காய்கனிகளையும் சேர்த்தலே முறை. ஆயினும், கணக்கிற்கு அஞ்சி அவற்றைக் குறைத்தல் தவறு. அவற்றிலுள்ள நார்ச்சத்தும் உயிர்ச்சத்துகளும் கலோரிக் கணக்கில் தோன்றுவதில்லை. பத்து வயதிற்கு மேற்பட்டோர் நாள்தோறும் 400 கிராமேனும் காய்கனி உண்ண வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வளரும் பருவத்தினராகிய நாம் காய்கனிகளை விரும்பி உண்போமாக!