ரோபோ ரெடி... டீம் ரெடியா?

''ரோபோ டீமா? அதெல்லாம் கோடிங்ல புலியா இருக்கறவங்களுக்கு பாஸ். நமக்கு அரியர் கிளியர் பண்ணவே நேரம் பத்தலை!'' - எந்த இன்ஜினீயரிங் காலேஜ் கேன்டீனில் காது கொடுத்தாலும் வாரத்துக்கு நாலு தடவை இந்த டயலாக் விழும். சொல்ற ஆள் பாவம், அந்த லேப் வாசலைக்கூட மிதிச்சிருக்க மாட்டார். உள்ளே போய்ப் பார்த்தவங்களுக்குத்தான் தெரியும்... ஒரு ரோபோ டீமுக்குப் புலி மட்டும் போதாது. யானை, எறும்பு, அணில்னு மொத்தக் காடே வேணும்!

ரெண்டு வருஷமா ஒரு ரோபோகான் டீமில் ஸ்பேனரும் கையுமா அலையற உரிமையில் சொல்றேன். ரோபோவை ஓட வைக்கிறது கஷ்டம்தான். அதைவிடக் கஷ்டம், அந்த டீமை அடுத்த வருஷமும் உயிரோட வெச்சிருக்கறது!

உறியடி, ஊஞ்சல், ஏழு கல்லு!

ரோபோகான்னா என்னன்னு கேட்கறவங்களுக்கு ஒரு மினி ஃப்ளாஷ்பேக். ஜப்பானின் என்.ஹெச்.கே. தொலைக்காட்சி 1988-ல் அந்த ஊர் டெக்னிக்கல் காலேஜ் மாணவர்களுக்காக ஆரம்பித்த ரோபோ போட்டிதான் இதோட தாத்தா. பிறகு ஆசிய - பசிபிக் ஒலிபரப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பான ஏ.பி.யு. அந்த ஐடியாவைக் கையில் எடுத்தது. 2002-ல் டோக்கியோவில் முதல் ஏ.பி.யு. ரோபோகான் நடந்தது. நம்ம நாட்டில் தூர்தர்ஷன் மூலமா தேசியச் சுற்று. அதில் ஜெயிக்கிற டீமுக்குத்தான் இன்டர்நேஷனல் டிக்கெட்!

இதில் செம மேட்டர் என்னன்னா, போட்டியை நடத்தற நாடுதான் என்ன விளையாட்டுன்னு முடிவு பண்ணும். 2008-ல் புனேயில் நடந்தப்போ தீம்... கோகுலாஷ்டமி உறியடி! 2014-ல் மறுபடி புனே. அப்பா-அம்மா மாதிரி ஒரு பெரிய ரோபோ, குட்டி ரோபோவைத் தூக்கிட்டுப் போய் சீ-சாவில் உட்கார வைக்கணும், ஊஞ்சல் ஆட வைக்கணும். 2022-ல் டெல்லியில் 'லகோரி'. வேறொண்ணுமில்லை, நம்ம தெருவில் பந்தால அடிச்சுக் கலைச்சு, மறுபடி அடுக்குவோமே... அதே ஏழு கல்லு ஆட்டம்தான்!

இப்போ யோசிங்க. வருஷா வருஷம் ஆட்டமே மாறுது. போன வருஷம் ஊஞ்சல் ஆட்டின ரோபோ இந்த வருஷம் எதுக்கு உதவும்? மோட்டாரையும் பேட்டரியையும் கழற்றிக்கலாம். மிச்சமெல்லாம் பழைய இரும்பு. ஒரு வருஷத்திலிருந்து அடுத்த வருஷத்துக்கு உண்மையிலேயே கைமாறுவது, அந்தப் பசங்க தலையில் இருக்கிற அனுபவம் மட்டும்தான்.

புலிகள் மட்டும் போதாது!

டீமில் பொதுவா மூணு கோஷ்டி. மெக்கானிக்கல் கோஷ்டிக்கு அலுமினிய ஸ்கொயர் பைப், வெல்டிங், லேத் பட்டறைதான் உலகம். எலெக்ட்ரானிக்ஸ் கோஷ்டி மோட்டார் டிரைவர், சென்சார், ஒயரிங்னு சால்டரிங் புகையிலேயே வாழும். மூணாவது கோடிங் கோஷ்டி. ரோபோ நேரா போகணும், சொன்ன இடத்தில் டக்னு நிக்கணும்னா பி.ஐ.டி. கன்ட்ரோலை ட்யூன் பண்ணணும். அதில் வர்ற மூணு நம்பருக்காக மூணு நாள் தூங்காம இருப்பாங்க.

இவங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா டீமைத் தாங்கிப் பிடிக்கிற நாலாவது கோஷ்டி ஒண்ணு இருக்கு. எங்க டீமில் பர்சேஸ் பார்க்கறது ஒரு சிவில் டிபார்ட்மென்ட் பொண்ணு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையில் எந்த மோட்டார் டிரைவர் ஒரிஜினலா கிடைக்கும், எந்தக் கடையில் ஜி.எஸ்.டி. பில் தருவாங்கன்னு எல்லாம் அவளுக்கு அத்துப்படி. 'பில்லுக்கு என்ன பெரிய பில்டப்பு?'ன்னு கேட்காதீங்க. சரியான பில் இல்லேன்னா ஆபீஸில் ஒரு ரூபா திரும்ப வராது.

இன்னொருத்தன் ரூல் புக் ஸ்பெஷலிஸ்ட். எடை எவ்வளவு, வோல்டேஜ் எவ்வளவு, ரோபோ எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாதுன்னு வரிக்கு வரி படிச்சு, சந்தேகம் வந்தா போட்டி நடத்தறவங்களுக்கே மெயில் தட்டுவான். ஆறு மாசம் இழைச்ச ரோபோ அரை கிலோ எடை கூடுதல்னு செக்கிங்கில் நிக்காம இருக்கறது இவன் புண்ணியத்தில்தான்.

பேட்டரிக்குன்னே தனி ஆள் வேணும். லிப்போ பேட்டரியில் ஒரு செல் ஃபுல் சார்ஜில் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினா கெட ஆரம்பிக்கும், உப்பிப்போகும். ஆணி குத்தினா தீப்பிடிக்கும். விமானத்தில் போனா அதை செக்-இன் பெட்டியில் போடவும் முடியாது. இதுக்கு ராங்க் ஹோல்டர் தேவையில்லை. தினமும் வோல்டேஜ் பார்த்து நோட்டில் குறிச்சு வைக்கிற பொறுமைசாலி போதும்.

ரோபோ சொதப்பறதுக்குக் காரணமும் பெரும்பாலும் ராக்கெட் சயன்ஸ் இல்லை. ஜம்பர் ஒயர் அதிர்வில் கழண்டிருக்கும். இல்லேன்னா சக்கரம் எங்கேயாவது முட்டி மோட்டார் சுத்த முடியாம நின்னிருக்கும். சுத்தற மோட்டார் எதிர்த் திசையில் ஒரு வோல்டேஜ் உண்டாக்கி கரன்ட்டைக் கட்டுப்படுத்தும். நின்னுட்டா அந்தத் தடை போயிடும், கரன்ட் எகிறும், டிரைவர் போர்டு 'டப்'! ஒரு மேட்ச் மூணே நிமிஷம். அதில் இந்த 'டப்' வந்தா ஒரு வருஷ உழைப்பு காலி. மேட்ச்சுக்கு முன்னாடி செக் லிஸ்ட்டை வெச்சு ஒவ்வொரு கனெக்டரையும் இழுத்துப் பார்க்கிற ஜூனியர்தான் அப்போ ஹீரோ.

ஆறரை மணி கேட்!

இனி கொஞ்சம் சீரியஸ். ரோபோ லேப் சூடு பிடிக்கறதே சாயங்காலம் அஞ்சு மணிக்கு, கிளாஸ் முடிஞ்ச பிறகுதான். நான் இருக்கிற லேடீஸ் ஹாஸ்டலில் ஆறரைக்கு கேட் மூடிடுவாங்க. பசங்க விடிய விடிய டெஸ்ட் பண்ணுவாங்க. நாங்க மறுநாள் வந்து, ''நேத்து நைட் டிசைனை மாத்திட்டோம்''னு கேட்டுக்கணும். முக்கியமான முடிவெல்லாம் பத்து மணிக்கு மேல டீக்கடையில் எடுத்தா, டீமில் பேர் இருந்தும் நாம பார்வையாளர்தான். எங்க பேட்ச்சில் சேர்ந்த ஏழு பொண்ணுங்களில் அஞ்சு பேர் முதல் செமஸ்டரிலேயே விலகிட்டாங்க. திறமை இல்லாம இல்லை... நேரம் இல்லாமதான்.

மிச்சம் இருந்த நாங்க ரெண்டு பேரும் சும்மா புலம்பலை. ஃபேகல்டி அட்வைஸரிடம் போய் ஒரு டைம்டேபிளே போட்டுக் கொடுத்தோம். டெஸ்டிங் காலை ஆறிலிருந்து எட்டு, ஞாயிற்றுக்கிழமை பகல். டிசைன் முடிவுகள் மதிய பிரேக்கில், எல்லாரும் இருக்கும்போது மட்டும். கேட் வேலை, போர்டு சால்டரிங் எல்லாம் எங்கே உட்கார்ந்தும் செய்யலாம். போட்டி நெருங்கற மாசத்தில் மட்டும் லேட் பர்மிஷனுக்கு லெட்டர். முதலில் முணுமுணுத்த பசங்களே, ''காலையில டெஸ்ட் பண்ணினா நைட்டு தூங்க முடியுது''ன்னு கட்சி மாறிட்டாங்க! இந்த வருஷம் சேர்ந்த ஜூனியர் பொண்ணுங்க யாரும் இதுவரை விலகலை.

ஹாஸ்டல் விதியை மாத்தறது உடனே நம்ம கையில் இல்லை. டீமோட நேரத்தை மாத்தறது நம்ம கையில்தான் இருக்கு.

சீனியர் போனார்... கோடும் போச்சு!

காலேஜ் டீம்களைக் கொல்ற பெரிய வியாதி இதுதான். ஃபைனல் இயர் அண்ணன் பிரமாதமா கோடு எழுதுவார். அது அவர் லேப்டாப்பில் மட்டும் இருக்கும். மே மாசம் பிளேஸ்மென்ட் கிடைச்சு அண்ணன் பெங்களூர் பஸ் ஏறிடுவார். ஜூலையில் ஜூனியர்ஸ் ஆரம்பத்திலிருந்து ஆரம்பிப்பாங்க. போன வருஷம் எரிஞ்ச அதே டிரைவர், இந்த வருஷமும் எரியும்.

மருந்து ரொம்ப சிம்பிள்... ஒரு நோட்டு! எந்தப் பின்னில் எந்த ஒயர், ட்யூன் பண்ணின நம்பர்கள், எது ஏன் எரிஞ்சது, எந்த டிசைனை ஏன் கைவிட்டோம், எந்தப் பட்டறையில் வேலை சுத்தம்னு எல்லாத்தையும் தேதி போட்டு எழுதணும். கோடு மொத்தமும் டீம் பேரில் உள்ள ஒரே அக்கவுன்ட்டில். ஜெயிச்ச கதையைவிட தோத்த கதைதான் ஜூனியருக்கு ரொம்ப உதவும்.

ரோபோவுக்கு இல்லை... டீமுக்கு விருது!

இந்த விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்ட போட்டி ஒண்ணு அமெரிக்காவில் இருக்கு. டீன் கேமன் என்கிற கண்டுபிடிப்பாளர் 1989-ல் 'ஃபர்ஸ்ட்' அமைப்பைத் தொடங்கினார். 1992-ல் நியூ ஹாம்ஷயரில் ஒரு ஸ்கூல் ஜிம்மில் 28 டீம்களோடு முதல் போட்டி. இப்போ உலகம் முழுக்கப் பள்ளி மாணவர்கள் கலந்துக்கறாங்க. அங்கே மூணு டீம் சேர்ந்து ஒரு கூட்டணி. இந்த மேட்ச்சில் எதிரி, அடுத்த மேட்ச்சில் பார்ட்னரா வரலாம்! அதனால எதிர் டீமோட மோட்டார் எரிஞ்சா, ஸ்பேர் மோட்டாரைக் கொடுத்து ஓட வைப்பாங்க. கடுமையா மோது, கண்ணியமா நடந்துக்கோ... இதுதான் அந்தப் போட்டியின் தாரக மந்திரம். அதைப் பரப்பியவர், 2019-ல் மறைந்த எம்.ஐ.டி. பேராசிரியர் வுடி ஃப்ளவர்ஸ்.

அந்தப் போட்டியின் மிக உயர்ந்த கௌரவம் எதுக்குத் தெரியுமா? கோப்பை ஜெயிச்ச ரோபோவுக்கு இல்லை! தன்னைச் சுற்றி இருக்கறவங்களையும் அறிவியல் பக்கம் இழுத்துட்டு வர்ற டீமுக்குக் கொடுக்கிற 'இம்பாக்ட்' விருதுதான் அது. முன்னாடி 'சேர்மன்ஸ்' விருதுன்னு பேர்.

வெளியில் இருந்தும் கை கொடுக்கலாம்!

டீமில் சேர முடியலையா? கவலையை விடுங்க. வேலைக்குப் போன சீனியர்ஸ் மாசம் ஒரு ஞாயிறு ஆன்லைனில் வந்து டிசைனைப் பார்த்தாலே போதும், பாதி சொதப்பல் குறையும். டீம் வேலை பார்க்கிற ஃப்ரெண்டுக்கு நோட்ஸ் எடுத்துக் கொடுங்க, அதுவும் ஸ்பான்சர்ஷிப்தான்! எங்களுக்கு லேத்தில் கடைஞ்சு தர்ற கோயம்புத்தூர் பட்டறை அண்ணன், ''ஏன் கண்ணு, படத்துல அளவே போடாம வந்தா நான் என்ன ஜோசியமா பார்க்கறது?''ன்னு கேட்டு, எங்களை ஒழுங்கா டிராயிங் போட வெச்சார். எந்த சிலபஸிலும் இல்லாத பாடம் அது.

அப்புறம், பக்கத்து ஸ்கூலைக் கொஞ்சம் எட்டிப் பாருங்க. நிதி ஆயோக்கின் 'அடல் டிங்கரிங் லேப்' திட்டத்தில் 2016-லிருந்து தேர்வாகிற பள்ளிகளுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கானது. 3டி பிரின்டர் வாங்கிடலாம். அதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையா சொல்லித்தர ஒரு அண்ணனோ, அக்காவோ வேணுமே! வாரத்துக்கு ரெண்டு மணி நேரம்... முடியாதா என்ன?

சேரப் போறீங்களா? சில டிப்ஸ்...

* ஃபர்ஸ்ட் இயர் அல்லது செகண்ட் இயரில் நுழைஞ்சிடுங்க. ஃபைனல் இயரில் வந்தா கத்துக்கலாம், கத்துக்கொடுக்க நேரம் இருக்காது.

* 'எனக்கு எதுவும் தெரியாது'ன்னு தைரியமா சொல்லுங்க. ஸ்க்ரூ டைட் பண்றதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

* முதல் மாசம் ஒரு மோட்டாரை ஓட விடுங்க, வேகத்தை மாத்துங்க, சொன்ன இடத்தில் நிறுத்துங்க. மிச்சமெல்லாம் இதோட அண்ணன் தம்பிதான்.

* வெல்டிங், கட்டிங் பக்கம் கண்ணாடி, ஷூ இல்லாம போகாதீங்க. சீனியரே சொன்னாலும் நோ!

* காலேஜில் டீமே இல்லையா? ஐ.ஐ.டி. பாம்பேயின் 'இ-யந்திரா' போட்டி மாதிரி, நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து கலந்துக்கிறதில் ஆரம்பிங்க.

* அட்டெண்டன்ஸ் 75 சதவிகிதத்துக்குக் கீழே போகாம பார்த்துக்கோங்க. ஓ.டி. லெட்டர் எல்லா நேரமும் காப்பாத்தாது!

கோப்பை வந்தா ஷோகேஸில் உட்காரும், ரோபோ அடுத்த வருஷம் பழைய இரும்புக்கடைக்குப் போகும். நீங்க படிச்சு முடிச்சுப் போன பிறகும் யாரோ ஒரு ஜூனியர் உங்க நோட்டைத் திறந்து, ''அட, இது ஏன் எரியுதுன்னு அக்கா எழுதி வெச்சிருக்காங்கடா!''ன்னு கத்தணும். அதுதான் மெடல், மத்ததெல்லாம் போனஸ்!