ஃப்ரீஸர்ல ஐஸ் இருக்கா? அப்போ 'கேஸ்' மேல பழி போடாதீங்க!

ஏப்ரல் மாசத்து சனிக்கிழமை. ஸ்டடி ஹாலிடேஸுக்கு ஹாஸ்டல்லருந்து சேலம் அம்மாபேட்டை வீட்டுக்கு வந்து இறங்குறீங்க. தெருவெல்லாம் தறிச் சத்தம், உச்சி மண்டையில வெயில். பையைத் தூக்கிப் போட்டுட்டு நேரா ஃப்ரிட்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்தா... தண்ணி வெதுவெதுன்னு இருக்கு! பால் திரிஞ்சு போச்சு. தக்காளி தொளதொள. ஆனா மேல ஃப்ரீஸர்ல ஐஸ் ட்ரே மட்டும் கல்லு மாதிரி!

அம்மா செம டென்ஷன். பாலுக்காக இல்லை, அம்மாயியோட (மத்த ஊர்ல பாட்டி!) இன்சுலின் அந்தக் கீழ்த் தட்டுலதான் இருக்கு. மெக்கானிக்குக்கு போன் போட்டா, 'கேஸ் போயிருக்கும், சார்ஜ் பண்ணணும்'னு பார்க்காமலே பதில். பில் ஆயிரக்கணக்குல வரும்.

கொஞ்சம் பொறுங்க. முதல்ல இன்சுலின். 'மேலதான் ஜில்லுன்னு இருக்கே'ன்னு ஃப்ரீஸர்ல வெச்சிடாதீங்க! உறைஞ்சு போன இன்சுலினைத் திரும்ப உருக வெச்சாலும் போடக்கூடாது. பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேணும். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ்ல இடம் கேளுங்க. வழியே இல்லைன்னா, இறுக்கமா மூடின டப்பாவுல போட்டு, ஈரமான மண்பானைக்குள்ள வெச்சு, காத்தோட்டமான நிழல்ல வைங்க. ஃப்ரிட்ஜ் அளவுக்குக் குளிராது, ஆனா வெயில்லருந்து தப்பிக்கும். ஏற்கெனவே சூடான இடத்துல கிடந்த மருந்தைப் போடலாமா வேணாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான்!

இப்ப ஃப்ரிட்ஜுக்கு வருவோம். உங்க வீட்டுல இருக்கறது ரெண்டு கதவு, ஃப்ராஸ்ட் ஃப்ரீ ரகம். (ஒத்தைக் கதவு பழைய ரகத்துல பெரும்பாலும் ஃபேனே கிடையாது.) இதுல கீழ்த் தட்டுக்குன்னு தனியா குளிர் உற்பத்தி ஆகறதில்லை. ஃப்ரீஸரோட பின்சுவருக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிற காயில்லதான் மொத்தக் குளிரும். அந்தக் காத்தை இழுத்து, ஒரு சின்ன வழியா கீழே தள்ளறது உள்ளங்கை அளவு ஃபேன். அது நின்னுட்டா மேல ஐஸ், கீழே அம்மாபேட்டை வெயில்!

மேல ஐஸ் கெட்டியா நிக்குதுன்னா கேஸ் அதோட வேலையைச் செய்யுதுன்னு அர்த்தம். கேஸ் கசிஞ்சிருந்தா ஃப்ரீஸரே டல்லடிக்கும். காயிலோட ஒரு ஓரத்துல மட்டும்தான் பனி பிடிக்கும்.

ஃபேன்தானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? ஃப்ரீஸர் கதவு ஓரத்துல பட்டன் மாதிரி ஒரு சுவிட்ச் இருக்கும். கதவைத் திறந்தா ஃபேன் நிக்கணும்னுதான் அது. (சில புது மாடல்கள்ல காந்த சென்சார்.) கதவைத் திறந்து வெச்சு அந்த சுவிட்ச்சை விரலால அழுத்தி, காதைக் கொடுங்க. 'ஊ...'ன்னு காத்துச் சத்தம் கேட்டா ஃபேன் ஓடுது. சத்தமே இல்லைன்னா அவசரப்படாதீங்க. பனியை உருக்கறதுக்காக ஹீட்டர் ஓடற நேரத்துல ஃபேன் தானாவே நிக்கும். அரை மணி நேரம் கழிச்சு, பின்னாடி கம்ப்ரஸர் ஓடும்போது மறுபடி பாருங்க. 'டக டக'ன்னு அடிச்சா இறக்கை ஐஸ்ல இடிக்குது. 'கீச் கீச்'னா பேரிங் தேய்ஞ்சிருக்கலாம்.

சரி, கழட்டலாமா? வாரன்ட்டி இருந்தா கையே வைக்காதீங்க, கம்பெனி ஆளைக் கூப்பிடுங்க. இல்லைன்னா சுவிட்ச்சை அணைச்சா மட்டும் போதாது, பிளக்கையே உருவிடுங்க. கதவைத் திறந்து போட்டு, கீழே பழைய துணியை விரிச்சு, ராத்திரி முழுக்க உருக விடுங்க. பொறுமை இல்லாம கத்தி, ஸ்க்ரூ டிரைவர்னு எடுத்து ஐஸைக் குத்தினா கதை கந்தல்! உள்ளே இருக்கறது மெல்லிசான அலுமினியக் குழாய். பழைய ஃப்ரிட்ஜ்கள்ல இருந்த ஆர் 12 கேஸ் ஓசோனை அரிக்குதுன்னு 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு அப்புறம் படிப்படியா ஒழிச்சாங்க. இப்ப நிறைய மாடல்கள்ல ஆர் 600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சமையல் கேஸோட சொந்தக்காரன். தீப்பிடிக்கும்!

காலையில பார்த்தா, பின்சுவர்ல ரெண்டு மூணு ஸ்க்ரூ பிளாஸ்டிக் மூடிக்குள்ள மறைஞ்சிருக்கும். பலகையை மெதுவா இழுங்க. ஒவ்வொரு ஸ்டெப்புலயும் செல்போன்ல ஒரு போட்டோ. இறக்கை எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சுங்கறது சாயங்காலம் ஞாபகம் இருக்காது, பந்தயம்!

விரலால இறக்கையைச் சுத்திப் பாருங்க, லேசா சுத்தணும். கனெக்டரைக் கழட்டி, ரெண்டு ஒயர் ஏ.சி. மோட்டாரா இருந்தா மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வெச்சு ரெண்டு முனையிலயும் வைங்க. ரீடிங்கே வரலைன்னா காயில் அவுட். ரீடிங் வந்து, இறக்கையும் லேசா சுத்தினா, குற்றவாளி மோட்டார் இல்லை. சுவிட்ச்சோ, ஒயரோ, போர்டோ. அங்கே நிறுத்திட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. இன்வெர்ட்டர் மாடல்ல இருக்கற டி.சி. மோட்டாருக்கு இந்த டெஸ்ட் செல்லாது, அதுவும் அவர் வேலைதான். கரன்ட்டைப் போட்டுட்டு, திறந்த ஃப்ரிட்ஜுக்குள்ள கை விடற வீரம் மட்டும் வேணவே வேணாம்.

மோட்டார்தான் போச்சுன்னா பழையதையே கையில எடுத்துக்கிட்டு டவுன்ல ஸ்பேர்ஸ் கடைக்குப் போங்க. கூடவே ஃப்ரிட்ஜ் உள்ளே ஸ்டிக்கர்ல இருக்கற மாடல் நம்பர். மோட்டார் மேல எழுதியிருக்கற வோல்ட், சுத்தற திசை, தண்டோட நீளம் எல்லாம் ஒத்துப்போகணும். 230 வோல்ட்டுக்கு பதிலா 12 வோல்ட் மோட்டாரை மாட்டினா பட்டாசுதான். கம்பெனி ஸ்பேர் பத்தி விசாரிக்க, மத்திய அரசு 2022 டிசம்பர் 24-ல ஆரம்பிச்ச ரைட் டு ரிப்பேர் தளத்தையும் பார்க்கலாம்.

புதுசை அதே ரப்பர் புஷ் மேல உட்கார வெச்சு, போட்டோவைப் பின்னாடியிலிருந்து பார்த்துக்கிட்டே மாட்டுங்க. ஒயர் இறக்கையில உரசுதான்னு ஒரு தடவை பார்த்துட்டு, பலகையை மூடினதுக்கு அப்புறம் பிளக்.

உடனே பாட்டில் ஜில்லாகாது. ராத்திரி வரைக்கும் விடுங்க, பிரியாணியை உள்ளே திணிக்காதீங்க. மறுநாள் காலையில கீழ்த் தட்டுல ஒரு தெர்மாமீட்டரை வெச்சுப் பாருங்க. முள் 2-க்கும் 8-க்கும் நடுவுல நின்னுதா? பக்கத்து வீட்டுக்கு போய் அம்மாயியோட இன்சுலினை வாங்கிட்டு வந்துடுங்க.