பெருந்திரைக் கைப்பேசியில் தமிழெழுத்து

புதிய பொருளொன்று கைக்கு வந்த முதல் வாரத்தில் மக்கள் கூறும் சொற்களைக் குறித்துவைத்துக்கொள்வது நன்று. பழகிய பின்னர் அவர்களே அவற்றை மறந்துவிடுவார்கள். ஆயர் ஈத்தாமைச் சூழ்ந்த செம்பனைத் தோட்டங்களில் பெருந்திரை ஆண்ட்ராய்டுக் கைப்பேசி புகுந்த நாளில் நான் கேட்ட சில சொற்கள் இன்னும் நினைவில் நிற்கின்றன. “சட்டைப்பையில் வைத்தால் குனியும்போது விழுந்துவிடுகிறது” என்றார் குலை வெட்டும் தொழிலாளர் ஒருவர். “பலகையைக் காதில் வைத்துப் பேசுகிறாயே!” என்று சிரித்தார் அவருடைய தாயார். எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவர் சொன்னதோ வேறு: “ஐயா, ணகரத்தின் சுழிகளை இப்போதுதான் எண்ண முடிகிறது.”

இம்மூன்றனுள் இறுதியாகச் சொன்னதே தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்கவேண்டியது.

பெருந்திரைப் பேசிக்கு உலகில் பெயர் வாங்கித் தந்தது 2011 செப்டம்பரில் பெர்லின் நகரக் கண்காட்சியில் சாம்சுங் நிறுவனம் காட்டிய ‘கேலக்சி நோட்’ ஆகும். அதன் திரை மூலைக்கு மூலை 5.3 அங்குலம், எடை 178 கிராம், எழுதுதற்கு ஒரு கோலும் உடன் உண்டு. அதே ஆண்டு வந்த ஐபோனின் திரை 3.5 அங்குலமே. ஆதலின் பலர் நகைத்தனர். கைப்பேசியுமன்று, கைப்பலகையுமன்று என்று எழுதிய ஏடுகளும் உண்டு. நகைப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. 2014இல் ஐபோனும் 5.5 அங்குலத் திரையோடு வந்தது.

தமிழெழுத்து இக்கருவிகளில் தோன்றுவதே அரிதாயிருந்த காலம் அது. அந்நாளைய ஆண்ட்ராய்டுப் பேசிகள் பலவற்றில் தமிழ் எழுதப்பட்ட இடமெல்லாம் வெறுங்கட்டங்களாகத் தெரிந்தது. எழுத்துரு இருந்த சிலவற்றிலும் ‘கொ’ என்பது சிதைந்து நின்றது. ஒருங்குறி முறையில் அகரமேறிய ககரத்தைக் குறிக்கும் இடம் முன்னும் ஒகரக் குறி பின்னுமாகச் சேமிக்கப்படும். அக்குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் நிறுத்தும் வேலையைக் கருவியின் மென்பொருள் செய்யவேண்டும். அது செய்யாதபோது கொம்பு எழுத்துக்குப் பின்னே போய் நின்றது. கைப்பேசியில் தமிழை உள்ளிடுவதற்கு நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 2005இலேயே ‘செல்லினம்’ கண்டார் என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள்.

இனி, சுழிக்கு வருவோம். திரையிலுள்ள எழுத்து சிறு புள்ளிகளால் ஆனது. அந்நாளைய மலிவுப் பேசிகளில் 3 அங்குலத் திரையில் அகலத்துக்கு 240, உயரத்துக்கு 320 புள்ளிகள் இருந்தன. அதில் 3 மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்துக்குக் கிடைப்பவை ஏறத்தாழ 16 புள்ளிகள். நோட்டின் திரையில் அதே உயரத்துக்கு 34 புள்ளிகள். ஆங்கில எழுத்துக்கு 16 போதும். நம் ணகரத்துக்குப் போதாது. மூன்று சுழி இரண்டுபோலத் தோன்றும். மெய்யின் புள்ளி மேல்வரியோடு ஒட்டிக்கொள்ளும். ஆசிரியை கண்டது இவ்வேறுபாட்டைத்தான்.

ஆனால் அவர் சொல்லைக் கேட்டு நான் ஒரு தவறான முடிவுக்கு வந்தேன். திரை பெரிதானால் எழுத்தும் பெரிதாகும் என்று கொண்டேன்.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பாடங்களைப் புலனத்தின் வழியாக அனுப்பலானோம். ஏ4 தாளில் அச்சிட்ட பயிற்சியைப் படமெடுத்து அனுப்புவதே என் வழக்கம். சூலையில் பள்ளி மீளத் திறந்தபோது முதலாம் ஆண்டு ஏடுகளைப் பார்த்தேன். ஐந்து பிள்ளைகள் ‘கண்’ என்பதை இரண்டு சுழியோடு ‘கன்’ என எழுதியிருந்தார்கள். எல்லாரும் சிறு பேசியில் படித்தவர்கள். பெற்றோர் கூட்டத்தில், இயன்றவர்கள் பெரிய திரையாக வாங்குங்கள் என்று சொல்லிவிட்டேன். மேலே கூறிய குலை வெட்டும் தொழிலாளர் என் சொல்லை நம்பித் தவணைக்கு 6.5 அங்குலப் பேசி ஒன்று வாங்கினார். அவருக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் மூவர். அடுத்த ஆண்டு சனவரியில் மீண்டும் வீட்டிலிருந்து படிக்கும் நிலை வந்தபோது அவர் என்னை அழைத்துக் கேட்டார்: “பெரிதாகத்தானே வாங்கினேன், ஐயா. எழுத்து மட்டும் ஏன் பெரிதாகவில்லை?”

என்னால் உடனே விடை கூற முடியவில்லை. அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடைக்காரர் கூறும் அங்குலம் மூலைவிட்டத்தின் அளவு. அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் மாறினால் ஒரே மூலைவிட்டத்துக்கு அகலம் மாறிவிடும். நோட்டின் விகிதம் 10க்கு 16, அகலம் 2.81 அங்குலம். இக்காலப் பேசிகள் பலவற்றின் விகிதம் 9க்கு 20. ஆகவே 6.5 அங்குலப் பேசியின் அகலம் 2.67 அங்குலமே. பின்னது எண்ணில் பெரிது. வரி ஓடும் அகலத்திலோ முன்னதைவிடச் சிறிது. வளர்ந்ததெல்லாம் உயரந்தான்.

8.27 அங்குல அகலமுள்ள ஏ4 தாளின் படம் அதில் ஏறத்தாழ மூன்றிலொன்றாகச் சுருங்கும். 14 புள்ளி அளவில் நான் அச்சிட்ட எழுத்து நாலரைப் புள்ளியாய் நின்றது. விரலால் விரித்துப் பார்க்கலாமே என்பர். விரித்தால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். ஆறு வயதுப் பிள்ளை அதை இழுத்து இழுத்துப் படிக்கமாட்டாது. பேசியைக் குறுக்காகப் பிடித்தால் அகலம் 5.93 அங்குலமாகி எழுத்து 10 புள்ளியளவு தெரியும். இதை அவருக்கு அன்றே சொல்லியிருக்கலாம்; எனக்குத் தோன்றவில்லை.

தமிழுக்கு இதில் தனித் தொல்லை ஒன்றுண்டு. நம் சொற்கள் நீளமானவை. ‘கற்றுக்கொண்டிருக்கின்றனர்’ என்ற ஒரு சொல்லில் 14 எழுத்துகள். குறுந்திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிக்கு ஒரு சொல்லே நிற்கும். அன்றேல் மென்பொருள் கண்ட இடத்தில் வெட்டி, ‘ர்’ என்பதை அடுத்த வரியின் தலையில் வைக்கும். மெய்யெழுத்தை வரிமுதலில் நிறுத்த அச்சுக்கோப்போர் கூசுவர். கருவிக்கு அக்கூச்சம் இல்லை.

ஆகவே பயிற்சித் தாளை மாற்றினேன். தாளின் அகலத்தை 3 அங்குலமாகக் குறைத்து, எழுத்தை 18 புள்ளியாக்கி, வரிக்கு மூன்று குறுஞ்சொல் என்று அமைத்தேன். நீண்ட வினைமுற்றுகளை முதலாம் ஆண்டுக்கு விலக்கினேன். பக்கம் நீண்டது, நீளத்தைத்தான் திரை தாராளமாகத் தருகிறதே. இதற்குப் பெருந்திரை தேவைப்படவில்லை. நன்றாக எழுத்துத் தெரியும் பழைய பேசியே போதுமாயிருந்தது. தவணை கட்டிக்கொண்டிருந்தவரிடம் அதைச் சொல்வதற்கு எனக்குச் சிறிது நாள் ஆயிற்று. சொன்னபோது, பிள்ளைகள் மூவரும் ஒருங்கே அமர்ந்து பார்க்கப் பெரியதே வசதி என்று பெருந்தன்மையோடு கூறிவிட்டார்.

அவ்வைந்து பிள்ளைகளுள் மூவர் சில வாரங்களில் மூன்று சுழி போடக் கற்றனர். மற்ற இருவரையும் பள்ளி திறந்தபின் திடலோரம் அமர்த்தி, மணலில் விரலால் எழுதச் செய்தோம்.