சின்ன நாய்க்கு எத்தனை நிமிட நடை?

தில்லியில் நம்மவர் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், கையில் சங்கிலியும் காலடியில் ஒரு சின்ன நாயுமாக நடக்கும் பெரியவர்கள் இப்போது அதிகம். பல வீடுகளில் நாயை ஆசைப்பட்டு வாங்கியவர்கள் பிள்ளைகள். அவர்கள் வேலைக்கென்று பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ போன பிறகு வளர்ப்பவர்கள் அப்பாவும் அம்மாவும். "இதை ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்க விடலாம்?" என்று அன்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற என்னிடம் இதைக் கேட்கக் காரணம், எங்கள் வீட்டில் பதினான்கு வருடங்களாகச் சின்ன நாய்கள் இருப்பதுதான். கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும் பழக்கத்திலும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் விடை. பத்து கிலோவுக்கு உட்பட்ட, வளர்ந்த, நோயில்லாத நாய்க்கு ஒரு நாளைக்கு மொத்தம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை நடை போதும். அதைக் காலை, மாலை என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். சிவாவா, பொமரேனியன் போன்ற மிகச் சிறியவற்றுக்கு அரை மணியை ஒட்டியே நிறுத்தலாம். நம் ஊரில் 'சடை நாய்' என்று சொல்வோமே, அந்த வகைக்கும் டாக்ஸ்ஹண்டுக்கும் இன்னும் கொஞ்சம் தாங்கும். குட்டிகளுக்குத் தடுப்பூசிகள் முடியும்வரை தெரு வேண்டாம். முடிந்த பிறகும் சிறு சிறு நடையாகப் பல முறை போவதே நல்லது.

தூரத்தை அளக்காமல் நேரத்தை அளக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் அது நாலைந்து அடி வைக்கிறது. டாக்டர் சொன்னார் என்று தினமும் ஐந்து கிலோமீட்டர் வேக நடை போகிறவர், அதே வேகத்தில் நாயையும் இழுத்துக்கொண்டு போவது சரியல்ல. உங்கள் நடை வேறு, அதன் நடை வேறு. அதற்கு மரத்துக்கு மரம் நின்று மோப்பம் பிடிக்க வேண்டும். உலகத்தை அது அறிவதே மூக்கால்தான். "பால்கனியில் ஓடுகிறதே, போதாதா?" என்பவர்களுக்கும் இதுவே பதில்.

போதுமா, அதிகமா என்பதை நாயே காட்டிவிடும். திரும்பி வரும்போதும் சங்கிலி தளர்வாக இருந்து, நாய் உங்களோடு சேர்ந்து நடந்தால் அளவு சரி. பின்தங்கினாலோ உட்கார்ந்துவிட்டாலோ, வீட்டுக்கு வந்து பத்து நிமிடம் ஆகியும் இளைப்பு அடங்காவிட்டாலோ அளவு மீறிவிட்டது. வந்த பிறகும் சோபாவைக் கடித்து, வாசலில் சத்தம் கேட்டதற்கெல்லாம் குரைத்துக்கொண்டிருந்தால் நடை போதவில்லை.

இனி மிக முக்கியமான விஷயம், வெயில். நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்குப் பாதத்தில் சிறிதளவு வேர்ப்பதோடு சரி. மற்றபடி நாக்கை நீட்டி இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். மூக்கு சப்பையான ஷிட்சூவுக்கும், 2003-இல் வந்த ஹட்ச் விளம்பரத்தால் நாடெங்கும் பிரபலமான பக் நாய்க்கும் அந்த வழியும் குறுகல். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அது 106ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

கோடையில் நீண்ட வெல்டிங் தண்டவாளங்கள் உள்ள பாதையில், வெப்பம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ரோந்துக்கு ஆள் அனுப்புவோம். அங்கே அளப்பது காற்றின் வெப்பத்தை அல்ல, தண்டவாளத்தின் வெப்பத்தை. காற்றில் 42 டிகிரி செல்சியஸ் இருக்கும் மதியத்தில் தண்டவாளம் 60ஐத் தொடும். தார் ரோடும் அப்படித்தான் கொதிக்கும். நம் முகம் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. சின்ன நாயின் வயிறோ ஒரு சாண் உயரத்தில். ஆகவே புறப்படுமுன் புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணுங்கள். உங்களால் பொறுக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது. மே, ஜூன் மாதங்களில் காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஆறரைக்குள் திரும்பிவிடுங்கள். இரவு எட்டரைக்கு மேல் இரண்டாவது நடை. பகலில் சிறுநீர் கழிக்க மட்டும் நிழலில் ஐந்து நிமிடம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், மே மாதக் காலை பத்து மணிக்குக் கடைவரை கூட்டிப்போன பக் நாய் மாலைக்குள் இறந்துவிட்டது. அதன் வயது நாலுதான். நாய் அதிகமாக இளைத்து, எச்சில் வடித்து, தள்ளாடினால் உடனே நிழலுக்குத் தூக்கிச் சென்று உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் கொதிநீர் வேண்டாம்; வாளியில் பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றுங்கள். ஈரத்துண்டால் போர்த்தாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். குளிரவைத்த கையோடு மருத்துவரிடம் போங்கள்.

குளிர்காலத்தில் கணக்கு நேர்மாறு. சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டம் விலகி வெயில் வந்த பிறகு போகலாம். நவம்பரில் புகை கண்ணைக் கரிக்கும் நாட்களில் நடையைக் குறைத்து வீட்டுக்குள் பந்து எறிந்து விளையாடலாம். மழைக்காலத்தில் திரும்பி வந்ததும் காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

சங்கிலியைக் கழுத்துப்பட்டையில் மாட்டுவதைவிட, ஹார்னஸ் என்கிற மார்புப் பட்டையில் மாட்டுவது நல்லது. பொமரேனியன் போன்றவற்றுக்கு மூச்சுக்குழல் பலவீனமாக இருக்கக்கூடும்; கழுத்து இழுபட்டால் வாத்து கத்துவது போன்ற இருமல் வரும். நடக்கும்போது பின்னங்கால் ஒன்றைத் தூக்கி நொண்டியடித்துவிட்டுப் பிறகு சரியாக நடந்தால், முழங்கால் சில்லு நழுவுகிறதோ என்று காட்ட வேண்டும். டாக்ஸ்ஹண்டுக்கு முதுகெலும்பு நீளம். மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போங்கள். வயதான நாய் இரவில் இருமினால், சீக்கிரம் களைத்தால், இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். அதற்குப் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை நடந்தாலே தாராளம்.

கடைசியாக உணவு. ஐந்து கிலோ நாய்க்கு அரைக் கிலோ கூடுவது, அறுபத்தைந்து கிலோ மனிதருக்கு ஆறரைக் கிலோ கூடுவதற்குச் சமம். டீ குடிக்கும்போதெல்லாம் ஒரு பிஸ்கட், சாப்பிடும்போதெல்லாம் ஒரு பிடி தயிர் சாதம் என்று கொடுத்துவிட்டு, நடந்து கரைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். விலாவைத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்புத் தெரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் நடையைக் கூட்டுவதற்கு முன்னால் தட்டைக் குறையுங்கள்.

வாய் பேசாத ஜீவன் நம்மை நம்பி வீட்டில் இருக்கிறது. கூப்பிட்டால் வெயிலென்றும் பாராமல் வாலை ஆட்டிக்கொண்டு வந்துவிடும். வேண்டாம் என்று சொல்ல அதற்குத் தெரியாது. நேரம் பார்த்துக் கூட்டிப்போவது நம் பொறுப்பு.